இடைத்தரகர் தொல்லை இல்லை

நிலத் தரகு என்பது வாயை மூடிக்கொண்டு செய்ய வேண்டிய தொழில். மற்ற வியாபாரிகள் சரக்கைக் கடை வாசலில் பரப்பிவைத்துக் கூவுவார்கள். தரகன் கூவினால் அன்றோடு அவன் கதை முடிந்தது. நிலம் எந்த ஊரில் இருக்கிறது, யாருடையது என்பது வாங்க வருகிறவருக்குக் கடைசி வரை தெரியக்கூடாது. வாங்குகிறவர் யார் என்பது விற்கிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி, நடுவில் இருக்கிறவனை நோகாமல் கழற்றி விட்டுவிடுவார்கள். இதற்குத் தொழிலில் 'கட் பண்றது' என்று பெயர்.

வேதகிரி இந்த வித்தையில் கைதேர்ந்தவன். உத்திரமேரூர் பஸ் நிலையத்து டீக்கடைதான் அவனுடைய ஆபீஸ். பார்ட்டி எவ்வளவு பெரிய காரில் வந்து இறங்கினாலும், "உள்ள காரு போவாது சார், நம்ம வண்டில குந்துங்க" என்று தன் எக்ஸெல் மொபெட் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொள்வான். ஏரிக்கரை மேல் ஏறி, இரண்டு ஊரைச் சுற்றி, கரும்புக் காட்டுக்குள் புகுந்து புறப்பட்டு நிலத்தைக் காட்டுவான். திரும்பி வருவது வேறு வழி. மறுநாள் பார்ட்டி தனியாக வந்து தலைகீழாக நின்றாலும் அந்த நிலம் அகப்படாது. ஒரு தடவை வேதகிரிக்கே அகப்படாமல் அரை நாள் அலைந்திருக்கிறான்.

அவனுக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்பனும் பாட்டனும் அடுத்தவர் கழனியில் சேறு கலக்கிச் சேடை அடித்து, நாற்று சுமந்து, கரும்பு வெட்டிச் செத்தவர்கள். அந்த வம்சத்திலேயே நிலத்துக்குள் இறங்காமல் வரப்பின் மேல் சட்டை கசங்காமல் நின்று பிழைத்த முதல் ஆள் இவன்தான். ஊரில் பெரிய மனிதர்கள்கூட இவனை 'வேதகிரி, வா, உட்காரு' என்றார்கள். அதில் அவனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. இப்போது அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

ஆபத்து டிவி வழியாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எந்தச் சேனலைத் திருப்பினாலும் ஒரு நடிகை ஏதாவது ஒரு மனைப்பிரிவில் நடந்துகொண்டிருந்தாள். கல்யாண வரவேற்புக்குப் போகிறவள் போல உடுத்திக்கொண்டு, பொட்டல் காட்டைப் பார்த்து 'வாவ்' என்றாள். சனங்கள் அந்த 'வாவ்'வை நாஷ்டாவோடு சேர்த்து விழுங்கிவிட்டு, கம்பெனி அனுப்பிய வேனில் ஏறி, இலவச பிரியாணி சாப்பிட்டு, மனை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். டீக்கடை காற்று வாங்கியது. ஆடி போயிற்று, ஐப்பசி போயிற்று, கார்த்திகையும் போயிற்று. வேதகிரியின் கையில் மிஞ்சியது ஒரே ஒரு நிலம்: காவாந்தண்டலத்தில் சந்தானம் சாருடைய ஒரு ஏக்கர்.

சந்தானம் கோயில் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிலத்தை விற்றுவிட்டுப் பெங்களூரில் பெண் வீட்டோடு போய்விடலாம் என்றிருந்தார். "தை முடியற வரைக்கும் பார்க்கறேன் வேதகிரி. அப்புறம் வேற யாரையாவது பார்த்துக்கறேன். தப்பா எடுத்துக்காதே" என்று சொல்லிவிட்டார். இந்த நிலமும் கைவிட்டுப் போனால், காட்டுவதற்கு நிலமில்லாத தரகன். அதாவது தரகனே இல்லை. வேதகிரி இரவில் புரண்டு புரண்டு படுத்தான்.

"இன்னாய்யா, எத்தினி நாளு டீக்கடைல குந்திக்கினு ரோட்டப் பாத்துகினு இருப்ப?" என்றாள் அவன் மனைவி அம்முலு. "கரும்பு வெட்டுக்கு ஆளு சேத்துகினு கீறாங்கோ. கத்திய எடுத்துகினு போ."

"நான் கத்திய தூக்கிட்டா, அப்பால எவன் என்னை நம்பி நெலம் பாக்க வருவான்?"

"இப்ப மட்டும் எவன் வரான்?"

தானும் டிவியில் விளம்பரம் கொடுப்பது என்று அவன் முடிவு செய்தான். மறுநாள் எக்ஸெல் வண்டியை விற்றுப் பணத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு, பஸ் ஏறிச் சென்னைக்கு, சுபிட்சம் டிவி ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தான்.

சுபிட்சம் டிவி ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. நுழைந்தவுடன் ஆள் உயரத்துக்கு ஒரு படம், அதற்கு ஒரு ரோஜா மாலை. யாரோ காலமான பெரியவர் என்று நினைத்த வேதகிரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டான். கண்ணைத் திறந்தபோது படத்தில் இருந்தவர் பக்கத்தில் நின்று "எஸ்?" என்றார். விளம்பரப் பிரிவின் துணைத் தலைவர் சூர்யநாராயணன். இந்த ஆண்டின் சிறந்த சாதனையாளர் விருது வாங்கியதற்காகப் போட்ட மாலையாம். விருதைக் கொடுத்தது சுபிட்சம் டிவி.

குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து, பீங்கான் கோப்பையில் டீ கொடுத்தார்கள். 'மிஸ்டர் வேதகிரி' என்றார்கள். அவன் பிறந்தது முதல் அவனை யாரும் மிஸ்டர் என்றதில்லை. பாதி சம்மதம் அங்கேயே கிடைத்துவிட்டது. இருந்தாலும் தொழில்காரன் என்ற முறையில் ஒரு கேள்வி கேட்டான்.

"டிவில வுட்டா நெலம் போவுமா சார்?"

சூர்யநாராயணன் கண்களை மூடித் திறந்தார். "கேள்வியே தப்பு மிஸ்டர் வேதகிரி. விளம்பரத்தால நிலம் விற்குமான்னு கேக்கக்கூடாது. விளம்பரம் இல்லாம அது நிலமான்னு கேக்கணும். டிவியில வராதது வெறும் மண்ணு. வந்தப்புறம்தான் ப்ராப்பர்ட்டி."

"அது சரி சார். வித்துடும்ல?"

"வித்தா அது விளம்பரத்தோட வெற்றி. விக்கலைன்னா விளம்பரம் பத்தலைன்னு அர்த்தம். ரெண்டு விதத்துலயும் நாங்க தோத்ததே கிடையாது. இருபது வருஷ ரெக்கார்ட்."

"உங்க சேனல எத்தினி பேரு பாக்குறாங்கோ சார்?"

"அருமையான கேள்வி!" என்றார் அவர். "பார்க்கறவங்களை நாங்க எண்றதில்லை. அது அவங்க அந்தரங்கம். விளம்பரம் குடுக்கறவங்களைத்தான் எண்றோம். இவ்வளவு பேர் குடுக்கறாங்கன்னா யாரோ பார்க்கறாங்கன்னுதானே அர்த்தம்? இல்லைன்னா ஏன் குடுக்கறாங்க? நீங்களே ஏன் வந்திருக்கீங்க?"

வேதகிரி யோசித்துப் பார்த்தான். உண்மையாகவே, தான் ஏன் வந்திருக்கிறோம்? எல்லாரும் வருகிறார்கள் என்றுதான் வந்தோம். அப்படியானால் சார் சொல்வது சரிதான். கையெழுத்துப் போட்டான்.

மண் வாசனை, பொன் வாசனை, ராஜ வாசனை என்று மூன்று திட்டங்கள் இருந்தன. எக்ஸெல் வண்டிக்கு மண் வாசனைதான் கிடைத்தது. அதில் தொகுப்பாளினி நிலத்துக்கு வருவார், பேசுவார், சிரிக்க மாட்டார். சிரிப்பு பொன் வாசனையிலிருந்து ஆரம்பம். ராஜ வாசனை என்றால் மண்ணைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொள்வார். பிறகு விளம்பரத்தில் என்ன பெயர் போடுவது என்று விசாரித்தார்கள். சொன்னான். அது ஆளின் பெயர், பிராண்டின் பெயர் வேண்டும் என்றார்கள். டீக்கடையில் தன்னை 'தோ வரான் பாரு புரோக்கரு' என்பார்கள் என்று சொன்னான். அதை விட்டுவிட்டு 'வேதா குளோபல் லேண்ட்மார்க்ஸ்' என்று எழுதிக்கொண்டார்கள்.

தை பிறந்து பொங்கல் கழிந்த ஒரு காலையில் இரண்டு வேன் நிறைய ஆட்கள் காவாந்தண்டலத்தில் வந்து இறங்கினார்கள். படப்பிடிப்புக்குத் தலைமை விஷ்ணுப்ரியா என்ற பெண். பெரிய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தாள். சீமைக் கருவேல முள், ஒற்றைப் பனை, மேய்ந்துகொண்டிருந்த இரண்டு ஆடுகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இது என்ன சார்?" என்றாள்.

"நெலம்மா."

"ஸ்க்ரீன்ல நிலம் நிலம் மாதிரி தெரியாது சார். நிலம் மாதிரி தெரியற வேற எதையாவதுதான் எடுக்கணும்."

அதன்படி அடுத்தவர் நெல் வயலை எடுத்தார்கள். மாகறல் பக்கம் போய் யாருடையதோ தென்னந்தோப்பை எடுத்தார்கள். செய்யாற்றில் தண்ணீர் இல்லாததால் கையோடு கொண்டுவந்திருந்த கடல் அலையைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

"இங்க கடலு இல்லம்மா" என்றான் வேதகிரி.

"இருக்குன்னு நாம சொல்லலையே சார். காட்டறோம், அவ்வளவுதான்."

தொகுப்பாளினி பூஜா கேமராவைப் பார்த்து, "காஞ்சிபுரத்திலிருந்து ஐந்தே நிமிடத்தில்!" என்று சிரிக்காமல் சொன்னாள். அஞ்சு நிமிசத்தில் மாகறலையே தாண்ட முடியாதே என்று வேதகிரி பதறினான். அது நிகழ்ச்சி நிமிடம், சாலை நிமிடம் வேறு என்று விளக்கினார்கள்.

பிறகு வேதகிரியின் முறை. முகத்தில் பவுடர் அப்பி, யாருடையதோ கோட்டை மாட்டி, முள்ளை வெட்டித் தள்ளிய ஒரு பாய் அளவு இடத்தில் நிறுத்தினார்கள். 'என் நிலம் இங்கே இருக்கிறது, வாருங்கள், வாழ்க்கையே மாறும்' என்று சொல்ல வேண்டும்.

"நெலம் இங்கதான் கீது, வாங்கோ, வாய்க்கையே மாறும்" என்றான் வேதகிரி.

"கட்! சார், 'கீது' வேண்டாமே. டிவியில அது காமெடிக்கு மட்டும்தான்."

வேதகிரிக்குச் சுருக்கென்றது. அப்பன் பேசிய பேச்சு, ஆத்தா பேசிய பேச்சு. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் வண்டி விற்றாகிவிட்டது. முயன்றான். 'இருக்கிறது' என்று சொல்ல வந்தபோதெல்லாம் 'இருக்கீது' என்று வந்தது. கடைசியில், "வாயை மட்டும் அசைங்க, குரல் நாங்க போட்டுக்கறோம்" என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்தது கேள்வி பதில்.

"சொல்லுங்க சார், இந்தச் சொர்க்க பூமி எங்கே இருக்கு?" என்றாள் பூஜா.

வேதகிரியின் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. "தோ, கிட்டக்கதான்."

"கிட்டக்கன்னா?"

"வந்தீங்கன்னா நானே இட்டுகினு போயி காட்றேன்."

"ஊர் பேர் என்ன சார்?"

வேதகிரி அக்கம்பக்கம் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஊரு பேரு இன்னாத்துக்கும்மா? நெலந்தானே முக்கியம்?"

"கட்!" என்று விஷ்ணுப்ரியா தொப்பியைக் கழற்றினாள். "சார், இது விளம்பரம். இடம் எங்கேன்னு சொல்லியே ஆகணும்."

"எடத்த சொல்லிட்டா, அப்பால எனக்கு இன்னாம்மா கீது?"

அன்று அந்த நிலத்தில் பேசப்பட்ட ஒரே உண்மையான வார்த்தை இது. அப்போது கேமரா ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஒரு சின்னக் கருவியை வானத்தில் பறக்கவிட்டு, ஊர்ப் பெயர்ப் பலகையில் தொடங்கி, தெருத் தெருவாகக் காட்டி, நிலத்தில் கொண்டுவந்து இறக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். இத்தனை வருடம் அவன் வண்டியில் சுற்றிச் சுற்றி மறைத்து வைத்தது எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது.

அதோடு விடவில்லை. கடைசி வசனம் என்று ஒரு தாளை நீட்டினார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தான். 'இடைத்தரகர் தொல்லை இல்லை. நேரடி விற்பனை.'

"யம்மா," என்றான் மெதுவாக. "நான்தாம்மா இடைத்தரகரு."

"தெரியும் சார்."

"அப்ப இத எப்படிம்மா நானே சொல்றது?"

"அது ஃபார்மட் சார். நிலம்னா கடைசியில இந்த லைன் வரணும். இது இல்லாம போட்டா ஜனங்க நம்ப மாட்டாங்க."

"இன்னா நம்ப மாட்டாங்கோ?"

"புரோக்கர் போலிருக்குன்னு நினைச்சுடுவாங்க."

வேதகிரி திருதிருவென்று விழித்தான். பூஜா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வேன்காரர் வண்டியைக் கிளப்பித் திருப்பி வைத்தார். மண் வாசனையில் வசன விவாதத்துக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. வாடகைக்கு வாங்கிய பெரிய குடை ஒன்றை மடக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்கள். அவன் கோட்டைச் சரிசெய்துகொண்டு, கேமராவைப் பார்த்து, "இடைத்தரகர் தொல்லை இல்லை" என்றான்.

"இன்னும் கொஞ்சம் சந்தோஷமா சார்."

சந்தோஷமாகச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருவே அவன் வீட்டில் கூடிவிட்டது. நிகழ்ச்சி வந்தது. கடல் அலை அடித்தது. அடுத்தவர் வயல் அசைந்தது. 'காவாந்தண்டலம்' என்ற பலகை திரை முழுக்கத் தெரிந்தது. பிறகு கோட்டுப் போட்ட வேதகிரி வாயை அசைத்தான். சினிமாவில் மலை உச்சியிலிருந்து பேசுகிறவரின் குரல் ஒன்று உள்ளேயிருந்து வந்தது. சனங்கள் கைதட்டினார்கள்.

அம்முலு மட்டும் தட்டவில்லை. "இது யாருய்யா பேசுறது?" என்றாள். பிறகு, "இன்னாய்யா இது, இடைத்தரகர் இல்லன்ற? அப்ப நீ இன்னா?"

"ஃபார்மட்டு" என்றான் வேதகிரி. அந்த வார்த்தையை அவன் கற்றுக்கொண்டு வந்திருந்தான்.

போன் அடிக்கத் தொடங்கியது. ஒருவர் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டார். ஓர் அம்மாள் பூஜா கட்டியிருந்த புடவை எந்தக் கடை என்று கேட்டாள். வேறு இரண்டு சேனல்காரர்கள், சுபிட்சம் டிவியை யாரும் பார்ப்பதில்லை, எங்களிடம் விளம்பரம் கொடுங்கள் என்றார்கள். நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. வெயில் ஏறிய பிறகு வந்தது ஒரு நல்ல குரல். நிதானமான, கையில் பணம் வைத்திருக்கிற குரல். எத்தனை மாதமாயிற்று அப்படி ஒரு குரலைக் கேட்டு! வேதகிரி எழுந்தே நின்றுவிட்டான்.

"நிலம் பிடிச்சிருக்கு. நீங்க ஓனரா?"

"ஓனரு... இல்ல சார்."

"அப்ப புரோக்கரா? புரோக்கர் இல்லைன்னு டிவியில நீங்களேதான சொன்னீங்க?"

"புரோக்கரும்... இல்ல சார்."

"ஓனரும் இல்ல, புரோக்கரும் இல்ல. அப்ப நீ யாருய்யா?"

வேதகிரி போனை மறு காதுக்கு மாற்றினான். அவன் யார்? உத்திரமேரூரில் எந்தக் கடையில் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். ஊரறிந்த அந்த ஒரு பதிலைத்தான் அவன் டிவியில், சந்தோஷமாக, இல்லை என்று சொல்லியிருந்தான். "சார், சார், நேர்ல வாங்க சார், நான் இட்டுகினு போறேன்" என்று கெஞ்சினான். "வேண்டாம்பா. ஊர்தான் தெரியுதே" என்று குரல் சிரித்து, வைத்துவிட்டது.

அன்று மாலையே டவுன் பஸ் பிடித்து, இறங்கி, மீதியை நடந்து காவாந்தண்டலம் போனான். சட்டை வேர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது. சந்தானம் வாசலுக்கே வந்து வரவேற்றார். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் எல்லாம் தயாராக இருந்தது.

"வா வேதகிரி. உனக்குத்தான் முதல்ல சொல்லணும்னு இருந்தேன். நிலம் போயிடுத்து. அட்வான்ஸ் வாங்கிட்டேன்."

"யாரு சார் வாங்குனது?"

"அந்த டிவிக்காராதான். சுபிட்சம் ஹோம்ஸ்னு அவாளே ஒரு கம்பெனி வெச்சிருக்கா. ஷூட்டிங் அன்னிக்கே ஒருத்தர் என் நம்பரைக் கேட்டு வாங்கிண்டு போனார். இன்னிக்குப் பத்து மணிக்கெல்லாம் வந்து முடிச்சுட்டா."

"சார், நான் இதுக்காவ எவ்ளோ நாளா அலைஞ்சிகினு..." நேராகவே கேட்டான். "என் கமிசனு சார்?"

சந்தானம் நிஜமாகவே குழம்பிப்போனார். அவர் கெட்டவர் அல்ல. "நீயே சொன்னியேப்பா, இடைத்தரகர் இல்லைன்னு? சத்தமா, கணீர்னு சொன்னியே! நான்கூட ஆத்துல சொன்னேன், இந்தக் காலத்துல இப்படி ஒரு பெருந்தன்மையான்னு." பழத்தை எடுத்து அவன் கையில் வைத்தார். "நீ நன்னா இருப்பே."

வேதகிரி அடுத்த நாளே மறுபடியும் சென்னைக்குப் போனான். சண்டை போடத்தான் போனான். பஸ் முழுக்கத் திட்ட வேண்டிய வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனான். சூர்யநாராயணன் அவனைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"வித்துடுச்சாமே! ஒளிபரப்பான அன்னிக்கே! எல்லாரும் வாங்க, இங்க வாங்க!" அறை நிறைய ஆட்கள் வந்து கைதட்டினார்கள். யாரோ அவன் தோளில் சால்வையைப் போட்டார்கள்.

"சார், வித்தது மெய்தான். ஆனா எனக்கு ஒரு பைசா வரல சார். உங்க ஆளுங்களே என்னை கட் பண்ணிட்டு நேரா போயி வாங்கிகினாங்க."

சூர்யநாராயணனின் முகம் கனிந்தது. "மிஸ்டர் வேதகிரி, உக்காருங்க. இடைத்தரகர்களை நாங்க ஊக்குவிக்க முடியாது. எங்களுக்குச் சமூகப் பொறுப்பு இருக்கு. நிலம் வெச்சிருக்கறவர் ஒரு பக்கம், வாங்கறவர் ஒரு பக்கம். நடுவுல ஒருத்தன் நின்னுக்கிட்டு ரெண்டு பேர்கிட்டயும் காசு வாங்கறது எவ்வளவு பெரிய அநியாயம்! அதை ஒழிக்கத்தான் இந்த நிகழ்ச்சியே. இந்தப் பக்கம் விளம்பரக் கட்டணம், அந்தப் பக்கம் சேவைக் கட்டணம், அவ்வளவுதான் எங்களுக்கு. நாங்க ஒரு பாலம்."

"நடுவுல நிக்கறவன்தானே சார் புரோக்கரு?"

"பாலம்" என்றார் அவர், பொறுமையாக. "உங்களுக்குக் கமிஷன் வராம இருக்கலாம். ஆனா பிராண்ட் வந்திருக்கு. வேதா குளோபல்! அதை யாராலயும் உங்ககிட்டேர்ந்து பிடுங்க முடியாது."

இது சத்தியமான வார்த்தை. அதைப் பிடுங்க யாரும் முன்வரவில்லை.

அதற்குள் கேமரா வந்துவிட்டது. விஷ்ணுப்ரியா சால்வையைச் சரிசெய்தாள். "ஒரே கேள்விதான் சார். நிலம் வித்துடுச்சா?" வேதகிரி நடந்ததை முழுக்கச் சொன்னான். எக்ஸெல் வண்டியிலிருந்து வாழைப்பழம் வரைக்கும், மூச்சு வாங்க, கண்ணீர் வழிய, 'கீது'வும் 'வாய்க்கை'யுமாக எல்லாவற்றையும் சொன்னான். யாரும் கட் சொல்லவில்லை. பேசி முடித்தபோது அவனுக்கு நெஞ்சு லேசானது போலக்கூட இருந்தது. உலகத்துக்குத் தெரியட்டும் என்று நினைத்தான்.

டிவியில் வந்தது ஒரே ஒரு சொல். அவன் கண் கலங்க, சால்வையோடு, "வித்துடுச்சும்மா" என்றான். கீழே 'ஆனந்தக் கண்ணீர்' என்று எழுத்து ஓடியது. அரை மணிக்கொரு தரம் போட்டார்கள்.

அடுத்த வாரம் சக தரகன் சாமுவேல் டீக்கடையில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, மெய்யாலுமே டிவில வுட்டா போவுதாமே? நானும் வண்டிய வித்துட்டு வெளம்பரம் குடுக்கலாம்னு கீறேன்."

"வாணாம் சாமுவேலு. சொன்னா கேளு. நாசமாப் போயிடுவ."

"நீ மட்டும் போட்டு வித்துகின. நான் போடக்கூடாதா?" சாமுவேலுக்கு முகம் சுருங்கிவிட்டது. "கூட குந்தி டீ குடிக்கறவன் முன்னுக்கு வந்தா உனக்குப் பொறுக்கலையா? நல்லா கீதுண்ணே." அவன் எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து பஸ் நிலையத்தில் யாரும் வேதகிரியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரிய ஆள் ஆனதும் தலைக்கனம் வந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். கையில் நிலமும் இல்லை, வண்டியும் இல்லை, பேச ஆளும் இல்லை. மாசி பாதியில் அவன் டீக்கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டான்.

கரும்பு வெட்டு முடிந்திருந்தது. அம்முலுதான் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள். காவாந்தண்டலத்தில் முள்ளை அழித்துவிட்டு மனைக்கு எல்லைக் கல் நடுகிறார்கள், ஆள் எடுக்கிறார்கள். எந்த நிலம் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. தூக்குவாளியில் கூழை ஊற்றிக் கொடுத்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். கத்தியை எடு என்று அத்தனை நாள் விரட்டியவள் அவள்தான். "வாணாம்னா வுட்டுடுய்யா" என்றாள். வேதகிரி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போனான்.

வாசலில் 'சுபிட்சம் கார்டன்ஸ்' என்று வளைவு எழுந்திருந்தது. பனைமரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். வேதகிரி கடப்பாரையால் குழி தோண்டி, கல்லை இறக்கி, மண்ணை மிதித்துத் தள்ளினான். பழக்கமில்லாத கையில் கொப்புளம் எழுந்தது. அந்த வம்சம் மறுபடியும் நிலத்துக்குள் இறங்கிவிட்டது.

பத்து மணிக்கு இரண்டு வேன்கள் வந்து நின்றன. விஷ்ணுப்ரியா இறங்கினாள், பூஜா இறங்கினாள். வேதகிரி தலைத்துண்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டான். அதற்குத் தேவையே இருக்கவில்லை.

"ஏம்பா, கல்லு நடறவரே," என்றாள் விஷ்ணுப்ரியா. "கொஞ்சம் தள்ளி நில்லு. ஃப்ரேம்ல வர்றே."

வேதகிரி பத்தடி நகர்ந்து நின்றான்.

"இன்னும் தள்ளிப்பா."

நட்ட கற்களைத் தாண்டி இன்னும் நகர்ந்தான்.

"இன்னும். உன் நிழல் விழுது பாரு."

வளைவைத் தாண்டி, நிலத்தை விட்டு வெளியே வந்து, ரோட்டில் நின்றான். "போதுமாம்மா?" என்று அங்கிருந்து கத்தினான்.

"போதும். அங்கேயே நில்லு. சொல்ற வரைக்கும் உள்ள வராதே. சத்தம் போடாதே, ரெக்கார்டிங் போகுது."

யாரோ 'சைலன்ஸ்' என்று கூவினார்கள். பூஜா மலர்ந்து சிரித்துக்கொண்டு நடந்து வந்தாள். ரோட்டில் நின்ற வேதகிரிக்குத் தாங்க முடியாமல் அழுகை பொங்கி வந்தது. சத்தம் பதிவாகிவிடக்கூடாதே என்று துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு அழுதான்.